தாத்தாவின் ஊர் எந்த ஊர்?



உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து இந்நாட்டுக்கு வந்தார் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "திருச்சிப் பக்கம்" என்பீர்கள். "சேலம் ஜில்லா" என்பீர்கள். இன்னும் சிலர் "மெட்ராஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதே கேள்வியை வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னேன். மறுநாள் நோட்டுகளைத் திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் அந்தப் "பக்கம்" என்ற சொல்தான் இருந்தது. பக்கம் என்றால் எத்தனை மைல்? எந்தத் திசை? அது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு பையன் மட்டும் "எங்க தாத்தா ஊரு தெலுக்கான்சன்" என்று எழுதியிருந்தான். அவன் எழுதியதில் தவறில்லை. தாத்தா பிறந்தது அங்கேதான். பிறப்புப் பத்திரத்திலும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் மாட்டியுள்ள மலேசிய வரைபடத்தில் அவன் விரலை வைத்துத் தேடித் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? தெலுக் ஆன்சன் 1982ஆம் ஆண்டிலேயே தெலுக் இந்தான் ஆகிவிட்டதே! ஆன்சன் என்பவர் பினாங்கில் பதவி வகித்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவர் பெயர் வைக்கப்படுவதற்கு முன்னரே அவ்விடத்துக்கு தெலுக் மாக் இந்தான் என்ற பெயர் வழங்கியது. ஆக, பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வந்து, மறுபடியும் பழைய பெயரே திரும்பியிருக்கிறது. பேரனுக்கு இது தெரியாவிட்டால் தாத்தாவின் ஊரே உலகத்தில் இல்லாத ஊராகிவிடும்.

இது ஒரு பையனின் சங்கடம் அல்ல. கடல் கடந்து வந்த நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள சங்கடம். நமக்கு இரண்டு கரைகள். இரண்டு கரையிலும் ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கின்றன. முதலில் அந்தக் கரையைப் பார்ப்போம்.

நம் முன்னோர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகவோ கங்காணி மூலமாகவோ வந்தவர்கள். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் கொண்டு வருவது, 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை நடந்தது. சென்னைக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களில் அவர்களைத் தங்கவைத்து, பெயரும் ஊரும் எழுதி, கப்பலேற்றினார்கள். எழுதியவர் யார்? ஒரு கிராணி. எழுதிய மொழி? ஆங்கிலம். சொன்னவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாத, பசியும் பயமும் கொண்ட ஒரு கிராமத்து மனிதர். அவர் வாயில் வந்தது ஒன்று, கிராணியின் காதில் விழுந்தது ஒன்று, பேனாவில் இறங்கியது இன்னொன்று.

போதாக்குறைக்கு, பெரிய ஊர்களின் பெயர்களை வெள்ளைக்காரர்களே ஏற்கெனவே உருமாற்றி வைத்திருந்தார்கள். திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சினாபலி' என்றார்கள். திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆனது. நாகப்பட்டினம் 'நெகபட்டாம்', செங்கல்பட்டு 'சிங்கிள்புட்', காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. பழைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் என்னிடம் "வாத்தியாரே, இதுல டிரிச்சினாபலின்னு போட்டிருக்கான், எங்க அப்பா எப்பவும் திருச்சின்னுதான் சொல்வாரு, ரெண்டும் வேற ஊரா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

'மெட்ராஸ்' என்ற சொல்லில்தான் பெரிய குழப்பம். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் மெட்ராஸ் என்று மட்டும் இருந்தால், உடனே சென்னைப் பட்டணத்துக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்காலத்தில் அது ஒரு நகரத்தின் பெயர். ஒரு துறைமுகத்தின் பெயர். ஒரு மாகாணத்தின் பெயரும்கூட. அந்த மாகாணத்துக்குள் தெலுங்கு ஜில்லாக்கள் இருந்தன, மலபாரும் இருந்தது. 1953இல் ஆந்திரா பிரிந்தது. 1956இல் மலபார் கேரளாவோடு சேர்ந்தது. அதே சமயம் திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு வந்தது. 1969 ஜனவரியில் மாநிலமே தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. 1996இல் நகரமும் சென்னை ஆயிற்று. அதனால் 'மெட்ராஸ்' என்று எழுதப்பட்டவர் தஞ்சாவூர்க்காரராகவும் இருக்கலாம், விசாகப்பட்டினத்துக்காரராகவும் இருக்கலாம், பாலக்காட்டுக்காரராகவும் இருக்கலாம்.

சரி, ஜில்லா தெரிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஜில்லாவும் நிலையாக நிற்கவில்லையே! ஓர் உதாரணம் சொல்கிறேன். அரியலூருக்கு அருகில் ஒரு கிராமத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டனார் 1925இல் அங்கிருந்து புறப்பட்டார் என்றால் அவர் திருச்சி ஜில்லாக்காரர். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. கிராமம் அதற்குள் போனது. 2001இல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002இல் அதைக் கலைத்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007இல் மீண்டும் அரியலூர் மாவட்டம். கிராமம் ஓர் அடிகூட நகரவில்லை. அதே ஏரி, அதே அரசமரம். மேலே தொங்கிய பெயர்ப்பலகை மட்டும் நான்கு தடவை மாறிவிட்டது.

மற்ற ஜில்லாக்களும் இப்படித்தான். சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. வட ஆற்காடு 1989இலும் தென் ஆற்காடு 1993இலும் பிரிக்கப்பட்டு அந்தப் பெயர்களே மறைந்தன. "எங்க தாத்தா தென்னாற்காடு ஜில்லா" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டங்களில் தேட வேண்டும். செங்கல்பட்டின் கதை இன்னும் வேடிக்கை. 1997இல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. பிறகு 2019இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மறுபடியும் ஒரு மாவட்டம் வந்தது. ஆனால் இது பழையதைவிட மிகச் சிறியது. பழைய பத்திரத்தில் உள்ள செங்கல்பட்டு வேறு, இன்றைய செங்கல்பட்டு வேறு. பெயர் ஒன்றுதானே என்று நம்பிப் போனால் வேறு எங்கோ நிற்போம்.

புதுக்கோட்டைக்காரர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1948 வரை அது ஒரு தனிச் சமஸ்தானம். அதற்கென்று ஒரு ராஜா இருந்தார். பின்னர் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று. அதேபோல் காரைக்கால்காரர்கள் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தவர்கள். அவர்கள் குடும்பப் பத்திரங்களை ஆங்கிலேயர் பதிவில் தேடிப் பயனில்லை. மாயவரம் என்று உங்கள் பாட்டி சொல்வது 1982 முதல் மயிலாடுதுறை. அது 2020இல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது.

ஊர்ப் பெயரைத் தமிழ் உச்சரிப்புப்படியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 1,018 பெயர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் எழுத்துக் கூட்டியதில் குறை இருக்கிறது என்று பலரும் சொல்ல, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெயர் திருத்துவதும் லேசான வேலை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

இனி நம்முடைய கரைக்கு வருவோம்.

அக்காலத்தில் கப்பலில் வந்தவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். பல வருடங்கள் ஓடிய 'ரஜூலா' கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், 1972 முதல் போர்ட் கிள்ளான். நம்மவர்கள் அதைக் கோலக்கிள்ளான் என்றும் சொல்வார்கள். மலாய் மொழியில் 'குவாலா' என்பது நம் நாக்கில் 'கோல' ஆகிவிட்டது. அப்படித்தான் கோலாலம்பூரும் கோலசிலாங்கூரும் கோலகங்சாரும் நமக்குக் கிடைத்தன. ஆகவே ஒரே துறைமுகத்துக்கு ஒரு வீட்டில் மூன்று பெயர் இருக்கலாம். தாத்தாவின் பாஸ்போர்ட்டில் ஒன்று, அப்பாவின் பத்திரத்தில் ஒன்று, பாட்டியின் வாயில் ஒன்று.

வட மாநிலங்களில் இருப்பவர்கள் பழைய கடிதங்களில் 'பிராவின்ஸ் வெல்லெஸ்லி' என்று பார்த்திருப்பீர்கள். அதுதான் செபராங் பிறை. 1885இல் தைப்பிங்கிலிருந்து இந்நாட்டின் முதல் ரயில் ஓடிய போர்ட் வெல்ட், இப்போது கோல செப்பெத்தாங். பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி வரை சிலாங்கூர் மாநிலத்தில் இருந்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் பத்திரத்தில் சிலாங்கூர் என்று இருப்பது பிழை அல்ல. தெருக்களும் விதிவிலக்கு இல்லை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் இருக்கும் தெரு முன்பு ஹை ஸ்திரீட், பிறகு ஜாலான் பண்டார், அதன் பிறகு ஜாலான் துன் எச். எஸ். லீ. அம்மன் இடம் மாறவில்லை, விலாசம் மாறிவிட்டது.

1972இல் மலாய் மொழிக்குப் புதிய எழுத்துக்கூட்டல் வந்தது அல்லவா? அதையும் மறந்துவிடக்கூடாது. அதனால் பெயர் மாறாத ஊர்களுக்கும் எழுத்து மாறியது. ஜொகூர், மலாக்கா எல்லாமே ஆங்கிலக் காலத்தில் ஒருவிதம், இப்போது வேறுவிதம். 'சுங்கை', 'தெலுக்', 'தஞ்சோங்' என்ற சொற்களின் உயிரெழுத்துகள் மாறிவிட்டன. 'சங்காட்' என்று தொடங்கும் பெயரில் ஓர் எழுத்தே குறைந்தது. படிக்கும்போது இது சின்ன விஷயம். ஆனால் எழுத்து வரிசைப்படி அடுக்கிய பழைய பதிவேட்டில் தேடுகிறவருக்கு, அந்த ஓர் எழுத்தால் பக்கம் தவறிப்போகும்.

இவை எல்லாம் பட்டணத்துப் பெயர்கள். இவற்றுக்காவது புத்தகம் உண்டு. துரை ராஜ சிங்கம் என்பவர் 1939லேயே மலாயா ஊர்ப் பெயர்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். நம் உண்மையான கஷ்டம் தோட்டப் பெயர்களில் இருக்கிறது. ஏனென்றால் நாம் பட்டணத்தில் பிறந்தவர்கள் அல்லவே, லயத்தில் பிறந்தவர்கள்!

தோட்டத்துக்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயர் ஒன்று இருக்கும். அது அவன் சொந்த ஊரின் பெயராகவோ அவன் வீட்டம்மாவின் பெயராகவோ இருக்கும். நம்மவர்களுக்கு அது நாக்கில் புரளவில்லை. ஆகவே அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆள் கட்டி வந்த பெரிய கங்காணியின் பெயரால், தோட்டத்து மரத்தின் பெயரால், ஆற்றின் பெயரால், கோயிலின் பெயரால் தோட்டங்கள் வழங்கின. போதாததற்கு ஒரு தோட்டத்தில் நாலைந்து டிவிசன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஆங்கிலப் பெயரையே சொன்னாலும் அது உருமாறும். கிள்ளான் வட்டாரத்தில் ஹைலண்ட்ஸ் தோட்டம் உண்டு. பாட்டி அதை 'ஐலன்ஸ் தோட்டம்' என்று சொன்னால், கேட்கிற பேரன் கேரித் தீவு என்று நினைத்துக்கொள்ள மாட்டானா?

நம்மவர் வைத்த பெயர் ஏட்டில் ஏறியது மிக அபூர்வம். பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் உள்ள தென்னைமரம் தோட்டம் அப்படி ஒன்று. 'தென்னமரம்' என்ற தமிழ்ப் பெயரே ஆங்கிலத்திலும் மலாயிலும் நிலைத்துவிட்டது. இந்நாட்டில் முதன்முதலாக வியாபார ரீதியில் செம்பனை நட்டதும் அங்கேதான், 1917இல், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தென்னை பெயரைச் சூடிக்கொண்டு செம்பனையை வளர்த்த தோட்டம்!

பிறகு தோட்டங்களே கைமாறின. 1950களில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1981இல் கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் அது கோல்டன் ஹோப்போடு சைம் டார்பியில் இணைந்தது. கம்பெனி மாறும்போது ஆபீஸ் மாறும். ஆபீஸ் மாறும்போது பழைய செக்ரோல் புத்தகங்கள் எங்கே போகும்? கரையானுக்குத்தான் தெரியும். சில தோட்டங்கள் நகரங்களாகவே ஆகிவிட்டன. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1921இல் உண்டாக்கிய தோட்டத்துக்குப் பிராங் பெசார், அதாவது பெரும்போர், என்று பெயர். 1995 முதல் அந்த நிலத்தில் எழுந்ததுதான் புத்ராஜெயா. இன்றைய ஷா ஆலம் நகரமும் முன்பு சுங்கை ரெங்கம் என்ற ரப்பர்க் காடு.

இதெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். அந்தக் குழப்பத்தில் அவர் பிறப்பைப் பதியவில்லை. இன்றுவரை சிவப்பு அடையாளக் கார்டுதான். ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போனபோது "நீங்கள் பிறந்த தோட்டம் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டி ஒரு கங்காணியின் பெயரால் வழங்கிய தோட்டத்தைச் சொன்னார். அப்படி ஒரு தோட்டம் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நான் பொறந்த எடமே இல்லைங்கறான் வாத்தியாரே. அப்ப நான் எங்கதான் பொறந்தேன்?" என்று என்னிடம் கேட்டார். பாட்டியின் தம்பி ஒருவர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு வருடம் படித்தவர். அப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை, தலைமையாசிரியரின் அனுமதியோடு புரட்டினோம். தம்பியின் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், டிவிசன் நம்பர் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. அந்தத் தோட்டம் துண்டாடி விற்கப்பட்டுப் போனது. இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி தொழிற்சாலை. பதிவேட்டின் நகலை வைத்து மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. பாட்டி வாரம் ஒருமுறை கேட்கிறார்.

1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தொழில் பெர்மிட் கட்டாயமானபோது, இதே மாதிரி காகிதம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போனதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். போனவர்களில் பலர் தங்கள் அப்பன் சொன்ன ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனவர்கள்.

அறிஞர்களுக்கே ஊர்ப் பெயர் கண்ணாமூச்சி காட்டுகிறது. 1025ஆம் ஆண்டளவில் ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஊர்களைக் கல்வெட்டில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கடாரம் நம் கெடா என்கிறார்கள். ஸ்ரீவிஜயம் ஓர் அரசின் பெயர் என்பதையே செடெஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1918இல்தான் எடுத்துக் காட்டினார். வளைப்பந்தூறு, மேவிலிம்பங்கம் போன்றவை எங்கே இருந்தன என்று இன்னும் வாதம் நடக்கிறது. கல்லில் வெட்டியதற்கே அந்தக் கதி என்றால் கிராணி கிறுக்கியதற்கு என்ன சொல்வது?

ஆனாலும் கைவிட வேண்டியதில்லை. நான் கண்ட வரையில், ஜில்லாவைவிடத் தாலுகா கெட்டியான சாட்சி. முசிறி, துறையூர், ஆத்தூர் என்று தாலுகாவின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதிலும் எச்சரிக்கை வேண்டும். ஆத்தூர் சேலத்திலும் உண்டு, திண்டுக்கல் பக்கமும் உண்டு, திருச்செந்தூர் பக்கமும் உண்டு. புதூர், புதுப்பட்டி, நல்லூர் எல்லாம் எண்ணித் தீராது. அதனால் பாட்டியிடம் ஊரை மட்டும் கேட்காதீர்கள். "அங்கேயிருந்து எந்தச் சந்தைக்குப் போவாங்க? எந்த ஆறு? எந்த மலை தெரியும்? பொண்ணு எந்த ஊர்ல எடுப்பாங்க?" என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் குலதெய்வம் எது என்று கேளுங்கள். அரசாங்கம் ஜில்லாவைப் பிரிக்கும், குலதெய்வத்தைப் பிரிக்காது. கொல்லிமலை தெரியும் ஊரில் இன்ன சாமி என்று சொன்னால், அந்தப் பக்கத்து ஆட்களே வழி காட்டிவிடுவார்கள்.

வீட்டில் தேட வேண்டியவையும் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது. ஊரிலிருந்து வந்த கடித உறை. அதன் மேல் விழுந்த தபால் முத்திரை கிராணி எழுதியதல்ல. அந்தத் தபாலாபீசிலேயே குத்தியது. பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் நன்கொடைப் பலகை, சுடுகாட்டுக் கல் எல்லாம் உதவும். கல்லில் பெரும்பாலும் தமிழிலேயே ஊரைப் பொறித்திருப்பார்கள்.

இந்நாட்டுத் தோட்டப் பெயர்களுக்கு நம் தமிழ்ப்பள்ளிகளே சாட்சி. மிட்லண்ட்ஸ் தோட்டம் இல்லை, ஷா ஆலமில் அப்பெயரில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கெப்போங் பக்கம் எடின்பரோ தோட்டம் இல்லை, பள்ளி இருக்கிறது. வீடமைப்புத் திட்டத்தின் நடுவில் 'லாடாங்' என்று போட்ட பலகையைப் பார்த்துப் பட்டணத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். அந்தப் பலகையை மாற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வதும் காதில் விழுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆசிரியர் அறையில் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் தோட்டத்தின் ஏட்டுப் பெயர், வலது பக்கம் நம்மவர் வழங்கிய பெயர். அதன் கீழே டிவிசன்கள், அங்கே இருந்த கோயில், எந்த வருடம் ஆட்கள் வெளியேறினார்கள் என்ற விவரம். பத்துப் பக்கம் நிறைந்திருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்கு வரும்போது வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன். வர முடியாதவர்கள் பிள்ளைகளிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எழுத்துப் பிழை பார்க்கமாட்டேன். பாட்டி எப்படி உச்சரித்தாரோ அப்படியே எழுதினால் போதும்.